சும்மா இருக்கும் நாளில் ஸ்டேஷனுக்குப் போங்கள்

எங்கள் ஹவுசிங் போர்டு ஆட்கள் முதல் தடவை ஒன்றாகச் சேர்ந்து ஸ்டேஷனுக்குப் போனது, ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பையனை ரோந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று. வாசலில் நின்று நாங்கள் கத்தினோம், உள்ளே இருந்தவர்களும் கத்தினார்கள், பையன் விடிகாலையில்தான் வந்தான், அப்புறம் ஒரு வருஷம் எங்கள் பக்கம் போலீஸ் பெயரை எடுத்தாலே முகம் சுளித்தார்கள். அந்தக் கசப்பு குறைய நாங்கள் செய்ததைத்தான் எழுதுகிறேன், உங்கள் தெருவிலும் செய்யலாம்.

முதலில் உங்கள் ஸ்டேஷன் எது என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையில் ஒவ்வொன்றுக்கும் எழுத்தும் எண்ணும் உண்டு, மயிலாப்பூர் இ-1, மாம்பலம் ஆர்-1 என்பது மாதிரி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், எதிர்ப்பக்கம் வேறு என்றும் இருக்கும். சட்டம் ஒழுங்குக்கும் குற்றப்பிரிவுக்கும் பெரும்பாலும் தனித்தனி இன்ஸ்பெக்டர், அதையும் கேட்டு வையுங்கள்.

அப்புறம், எந்தப் பிரச்சினையும் இல்லாத ஒரு நாளில் நாலைந்து பேராகப் போங்கள், அதில் பெண்கள் கட்டாயம் இருக்கட்டும். சால்வை, மாலை எதுவும் வேண்டாம். தெருவில் இருட்டான இடங்கள், தனியாக வசிக்கும் முதியவர்கள், அழைத்தால் எடுக்கக்கூடிய இரண்டு பேரின் போன் நம்பர், இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் அது மாநகராட்சி வேலை, 1913-க்குப் போன் போடுங்கள்.

இன்ஸ்பெக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் உங்கள் தெருவுக்கு ரோந்து வரும் பீட் காவலரையும், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரையும் பெயர் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். ரோந்து வந்ததற்கு அடையாளமாகத் தெருவில் வைத்திருக்கும் பட்டா புத்தகத்தில் கையெழுத்துப் போட வருகிறவரிடம் யாராவது ஒருவர் வெளியே வந்து இரண்டு வார்த்தை பேசினாலே போதும், வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுங்கள்.

இதெல்லாம் சுலபம், கஷ்டமானது பையன்கள் விஷயம். சங்கத்துப் பெரியவர்கள் போலீஸோடு கூட்டம் போட்டு, திருட்டு, சிசிடிவி என்று மட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள், ராத்திரி ரோட்டில் நிறுத்தப்படுகிற பையன் அங்கே இருப்பதே இல்லை. அவனைக் கூட்டி வாருங்கள், அவனையே முதலில் பேச விடுங்கள், அவன் குரல் உயர்ந்தால் நடுவில் புகுந்து அடக்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் பத்து நிமிஷம் யாரும் வாய் திறக்கவில்லை, பிறகு ஒருவன் ஆரம்பித்ததும் நிற்கவே இல்லை, எஸ்.ஐ. முழுவதையும் உட்கார்ந்து கேட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு, பக்கத்தில் காவல் சிறார் சிறுமியர் மன்றம் இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

2020-ல் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்ட அப்பாவும் மகனும் கஸ்டடியில் இறந்ததை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை, கூட்டத்தில் அந்தப் பேச்சு வந்தால் தடுக்காதீர்கள். போலீஸுக்கு உதவும் தன்னார்வலர்களைக் கொண்டு 1993-ல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பின் ஆட்கள் மேலும் அதில் புகார் எழுந்தது, அதன் பிறகுதான் அந்த அமைப்புக்குத் தடை வந்தது. அதனால் உங்கள் தன்னார்வலர்கள் யாரும் லத்தி பிடிக்கவோ, வண்டியை நிறுத்தி விசாரிக்கவோ கூடாது. தகவல் சொல்லலாம், கூட நிற்கலாம், அவ்வளவுதான்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், பயமில்லாமல் பேச அதுதான் துணை. புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். பெண்களையும், 15 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல் உள்ளவர்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். இதைச் சண்டைக்குப் போவது மாதிரி இல்லாமல் சாதாரணமாகச் சொன்னாலே பல நேரம் கேட்டுக்கொள்கிறார்கள். கேட்கவில்லை என்றால் துணை ஆணையருக்கு எழுத்தில் அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு வாங்குங்கள். யார் என்ன கேட்டார்கள், யார் செய்வதாகச் சொன்னார்கள், நடந்ததா என்று எழுதி, அடுத்த மாதக் கூட்டத்தை அதிலிருந்து ஆரம்பியுங்கள். எங்கள் நோட்டின் முதல் வரி, அன்று கூட்டத்தில் பேச ஆரம்பித்த பையன் சொன்னது: "நிறுத்தினால் பெயரைக் கேளுங்க சார், டேய்னு கூப்பிடாதீங்க." காலை ரோல்காலில் சொல்கிறேன் என்றார் எஸ்.ஐ. அடுத்த மாதம் அவனிடம்தான் முதலில் கேட்டோம். இரண்டு தடவை நிறுத்தினார்கள், இரண்டு தடவையும் பெயரைக் கேட்டார்கள் என்றான், அதையும் எழுதி வைத்தோம்.