டி.எஸ்.எச். சரி, அசதி மட்டும் போகவில்லை

கோத்தகிரிக் குளிரில் கை கால் சில்லிடுவதையும் முடி கொட்டுவதையும் தைராய்டின் தலையிலேயே கட்டிவிடுகிறோம். தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிட்டு டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும்) அளவுக்குள் வந்த பிறகும் அசதி நீடித்தால் ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி மூன்றையும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் மட்டும் போதாது. அது இறங்கும் முன்பே இரும்பு இருப்பு கரைந்திருக்கும். காய்ச்சல் சமயத்தில் ஃபெரிட்டின் பார்க்காதீர்கள், கூடுதலாகக் காட்டும்.

முடிக்காக பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) சாப்பிடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதிக அளவென்றால் டாக்டரைக் கேட்டு இன்னும் முன்பே. பல ஆய்வகக் கருவிகளில் அது டி.எஸ்.எச்.ஐப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.

எனக்கு ஃபெரிட்டின்தான் குறைவு. இரும்பு மாத்திரை தொடங்கியதும் டி.எஸ்.எச். ஏறியது! காரணம், இரும்பு, தைராய்டு மாத்திரையான தைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. நேரத்தைப் பிரித்ததும் சரியானது: காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தைராக்சின், தண்ணீரோடு. 7 மணிக்கு டீ. இரும்பு 11 மணிக்கு, எலுமிச்சைச் சாறோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது (நீலகிரியில் இதுதான் கஷ்டம்). கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. 6 முதல் 8 வாரம் கழித்தே மறுபரிசோதனை. அன்று ரத்தம் கொடுத்த பிறகு தைராக்சின்.