மேல் ஸ்தாயியில் கரகரக்கும் சாஃப்ட் சிந்த்: சரிசெய்தது இப்படி

என் சாஃப்ட் சிந்தில் (கணினியில் ஓடும் சிந்தசைசர் மென்பொருள்) தாரஸ்தாயியில் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டை மேலே தள்ளும்போது, அடியில் ஒரு மெல்லிய விசில் எதிர்த்திசையில் இறங்கியது. ஸ்பீக்கர் கோளாறு இல்லை, அலியாஸிங்: டிஜிட்டல் ஒலியில் கொள்ளாத உயர் அதிர்வெண்கள் மடங்கிக் கீழே வேறு ஒலியாகக் கேட்பது.

உறுதிசெய்ய ரிவெர்ப், கோரஸ், யூனிசன் எல்லாவற்றையும் அணைத்தேன். இந்த எஃபெக்ட்களோடு முன்கூட்டியே அமைத்துவரும் பிரீசெட்டை வைத்துச் சிந்தை எடைபோடுவது மசாலாவைச் சுவைத்து மீனைப் புகழ்வது போல. ஒரே ஆஸிலேட்டர், ரம்பப்பல் வடிவ ஸா (saw) அலை, ஃபில்டர் முழுக்கத் திறந்து, மிடி எண் (சுரத்தைக் குறிக்கும் எண்) 108. சில மென்பொருளில் இது சி8, சிலவற்றில் சி7, எண்ணையே நம்புங்கள். இதன் அதிர்வெண் 4,186 ஹெர்ட்ஸ். 44.1 கிலோஹெர்ட்ஸ் புராஜெக்டில் (நொடிக்கு 44,100 மாதிரிகள்) அதில் பாதியான 22,050-க்கு மேல் எதற்கும் இடமில்லை. பத்தாவது ஹார்மானிக் (அடிப்படை அதிர்வெண்ணின் பத்து மடங்கு) 41,860. அது மடங்கி, 44,100-இலிருந்து கழித்தால் வரும் 2,240-இல் விழும், வாசித்த சுரத்துக்கும் கீழே! ஸ்பெக்ட்ரம் அனலைசரில் அங்கே கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

சிந்துக்குள் ஒலியைக் கூடுதல் மாதிரிகளில் கணக்கிடும் ஓவர்சாம்பிளிங்கை 4 மடங்காக்கியதும் விசில் அமுங்கிவிட்டது. சிபியு திணறினால் ரெண்டரின்போது (பாட்டை ஃபைலாக எழுதும்போது) மட்டும் போடலாம். அந்த வசதியே இல்லாத சிந்துக்கு 96 கிலோஹெர்ட்ஸ் புராஜெக்ட். குறையும், முழுக்கப் போகாது.

இரண்டு சிந்தை ஒப்பிடும்போது லவுட்னஸ் மீட்டரில் அளவைச் சமன்செய்யுங்கள். 1 டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே "நல்ல சத்தம்" என்று காதை ஏமாற்றும். நம் வீவக (சிங்கப்பூர் அடுக்குமாடி) வீடுகளில் மின்விசிறி இரைச்சல் இந்த மெல்லிய விசிலை விழுங்கிவிடும். விசிறியை நிறுத்திவிட்டு, காதை மூடும் ஹெட்ஃபோனில் கேளுங்கள்.