பதின்பருவத்தில் படுக்கை நனைதல்: அளந்து பார்ப்பதிலிருந்து தொடங்குவோம்

ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். அவர்களில் ஆண்டுதோறும் ஏழில் ஒருவர் அளவுக்குச் சிகிச்சை எதுவும் இல்லாமலே அதிலிருந்து விடுபடுகிறார்கள். இப்படிக் குறைந்துகொண்டே வந்து, பதின்பருவத்தின் பிற்பாதியில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்கு மட்டும் இது நீடிக்கிறது. ஆயிரம் பேர் படிக்கும் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்துப் பேருக்காவது இந்தத் தொல்லை இருக்கும். ஆனால் அந்தப் பத்துப் பேரும் தமக்கு மட்டுமே இப்படி நேர்கிறது என்று எண்ணிக்கொண்டு, வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு முன் போர்வையை அலசிக் காயப்போடுகிறார்கள்.

‘வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதல் ஆறு வயதுக்குப் பொருந்தும். பதினான்கு வயதிலும் வாரத்தில் பல நாள் படுக்கை நனைகிறது என்றால், காத்திருப்பதைவிடச் சிகிச்சையைத் தொடங்குவதே சரியான வழி.

இதற்குச் சோம்பலோ மனவுறுதிக் குறைவோ காரணம் இல்லை. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரக்காமல் இருக்கலாம். சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே சுருங்கிவிடலாம். பை நிறைந்துவிட்டது என்ற செய்தி போய்ச் சேர்ந்தும் மூளை விழித்துக்கொள்ளாமல் இருக்கலாம். பலரிடம் இம்மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருக்கும். பரம்பரைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு: பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40-க்கு மேல், இருவருக்கும் இருந்திருந்தால் 70-க்கு மேல். தனக்கும் அந்த வயதில் இப்படி இருந்தது என்று அப்பா ஒருமுறை வாய் திறந்து சொன்னால், அது இடுப்பில் கட்டும் தாயத்தைவிட மகனுக்கு அதிகத் தெம்பு தரும்.

படி 1: ஒரு நோட்டும் ஓர் அளவுக் குவளையும்

மில்லிலிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையான இரண்டு நாட்களுக்கு, ஒவ்வொரு முறையும் கழிக்கும் சிறுநீரை அதில் அளந்து, நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். குடித்த தண்ணீர், தேநீர், மோர் எல்லாவற்றையும் அதே போல எழுதுங்கள். அடுத்து ஏழு இரவுகளுக்குப் படுக்கை நனைந்ததா, நனைந்தால் ஏறத்தாழ எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஏழு இரவுகளில் மட்டும் பெரியவர்களுக்கான டயப்பரை அணிந்து, படுக்கும் முன்பும் எழுந்த பின்பும் அதைச் சமையலறைத் தராசில் எடைபோட்டால், கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் சிறுநீர் என்று கொள்ளலாம். காலையில் முதன்முதலாகக் கழிப்பதையும் அதோடு கூட்டினால் இரவின் மொத்த அளவு கிடைத்துவிடும்.

இதைப் படிக்கும்போது அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால் பின்னால் வரும் எல்லா முடிவுகளுக்கும் இந்த ஒரு நோட்டுதான் ஆதாரம் என்பதால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். வயதோடு ஒன்றைக் கூட்டி 30-ஆல் பெருக்கினால், ஒரு பிள்ளையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்று தோராயமாகத் தெரியும். இந்தக் கணக்கு 12 வயதில் 390 மில்லிலிட்டரை எட்டுவதோடு நின்றுவிடுகிறது. பதின்பருவத்தினர் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். காலையில் கழிப்பதை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, பகலில் ஒரே தடவையில் கழித்த மிக அதிக அளவே 250 மில்லிலிட்டருக்கும் குறைவாக இருந்தால் சிறுநீர்ப்பை குறைவாகக் கொள்கிறது என்று பொருள். இரவு மொத்தம் 500-ஐத் தாண்டினால், சிறுநீரகம் இரவில் அதிகமாகச் சுரக்கிறது என்று பொருள். எந்தச் சிகிச்சையை முதலில் முயல வேண்டும் என்பதை இவ்விரண்டு எண்கள் பெரிதும் தீர்மானிக்கின்றன.

படி 2: பகலைத் திருத்துதல்

இரவில் நேரும் தொல்லையின் பாதி பகலில்தான் உருவாகிறது என்பது என் உறுதியான எண்ணம். நம் ஊர் மாணவியர் பலரின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். பள்ளிக் கழிப்பறைக்குள் போக மனம் இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் பாட்டிலை அவர்கள் திறப்பதே இல்லை. வந்த சிறுநீரையும் மாலை வரை அடக்கிக்கொள்கிறார்கள். பள்ளி முடிந்து டியூஷனுக்கும் போய்விட்டு, இரவு எட்டரை மணிக்கு வறண்ட தொண்டையோடு வீடு திரும்பி, ஒரே மூச்சில் இரண்டு சொம்புத் தண்ணீர் குடிக்கிறார்கள். பிறகு ரசச் சாதமும் அப்பளமும் ஊறுகாயும் சாப்பிட்டுவிட்டு, தேர்வுக் காலமாக இருந்தால் தூக்கத்தை விரட்ட ஒரு டம்ளர் காபியும் குடித்துவிட்டுப் படுக்கிறார்கள். சிறுநீர்ப்பை நாள் முழுவதும் முறையாக நிறைந்து காலியாகும் பழக்கத்தை இழந்திருக்க, ஒரு நாளுக்கான தண்ணீரும் உப்பும் இரவில்தான் சிறுநீரகத்துக்கு வந்து சேர்கின்றன.

இதை அப்படியே தலைகீழாக மாற்ற வேண்டும். தண்ணீரின் மொத்த அளவைக் குறைக்கக் கூடாது. நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் வரை குடிப்பது இந்த வயதுக்கு இயல்பானது. அதன் பெரும்பகுதியை மாலை ஐந்து மணிக்குள் குடித்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, அவசரம் தோன்றாவிட்டாலும் கழிப்பறைக்குச் செல்லுங்கள். வகுப்பு நேரத்தில் அனுமதி கிடைக்காது என்றால், நோயின் பெயரைச் சொல்லாமல் ‘இவரை வெளியே அனுப்பவும்’ என்று மட்டும் குறிப்பிட்ட கடிதம் ஒன்றை மருத்துவரிடம் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுக்கலாம். மாலைக்குப் பிறகு காபி, தேநீர், கோலா பானங்கள் வேண்டாம். இரவுணவில் ஊறுகாய், அப்பளம், கருவாடு போன்ற உப்பு மிகுந்தவற்றை விலக்கிவிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகச் சாப்பிட்டு முடியுங்கள். பல் துலக்கும்போது ஒரு முறையும், விளக்கை அணைக்கும் முன் மறுபடி ஒரு முறையும் சிறுநீர் கழியுங்கள்.

படி 3: மலச்சிக்கல்

இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. குடலின் கடைசிப் பகுதியில் மலம் தேங்கினால் அது முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்திச் சுருங்கத் தூண்டும். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறைதான் மலம் கழிகிறது, அதுவும் கட்டியாக இருக்கிறது என்றால், வேறெதையும் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லி அதைச் சரிசெய்யுங்கள்.

படி 4: படுக்கை

குழந்தைகளுக்கு விரிக்கும் ரப்பர் ஷீட் மருந்துக்கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மெத்தைமேல் ஒரு ரப்பர் ஷீட், அதன்மேல் ஒரு விரிப்பு, மறுபடி ஒரு ரப்பர் ஷீட், மேலே இன்னொரு விரிப்பு என்று விரித்துவிட்டால், இரவில் மேலிரண்டை உருவிப் போட்டுவிட்டு உடனே படுத்துக்கொள்ளலாம். விரிப்பைத் துவைப்பது உங்கள் வேலையாக இருக்கட்டும், ஆனால் அதை வீட்டார் தண்டனையாக்கக் கூடாது.

படி 5: மருத்துவரைப் பார்த்தல்

பதின்பருவத்தில் இது நீடித்தால் எப்படியும் ஒரு முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். நோட்டைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ உலர்ந்த படுக்கையில் உறங்கிவிட்டு இப்போது மறுபடி நனைக்கத் தொடங்கியிருந்தால் தாமதிக்கவே கூடாது. தீராத தாகமும் உடல் எடை குறைவதும் அதோடு சேர்ந்திருந்தால் அது முதல் வகை நீரிழிவாக இருக்கலாம். அன்றைக்கே சர்க்கரை அளவைப் பார்த்தாக வேண்டும். பகலிலும் கசிதல், எரிச்சல், இரத்தம், முக்கி முக்கிக் கழித்தல், கால் பலவீனம் ஆகியவையும் உடனே சொல்ல வேண்டியவை. பலத்த குறட்டையும் மூச்சுத் தடைபடுவதும் இருந்தால் டான்சில், அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதை) வீக்கத்தைச் சோதிப்பார்கள். அதைக் குணப்படுத்தியதும் சிலருக்குப் படுக்கை நனைவதே நின்றுவிடுகிறது.

மீண்டும் தொடங்கியதற்குப் பின்னால் பெற்றோரின் பிரிவு, பள்ளியில் சீண்டல், பாலியல் தொந்தரவு போன்றவையும் இருக்கக்கூடும். அப்படி ஏதேனும் நடந்திருந்து வீட்டில் சொல்ல முடியாத நிலை இருந்தால், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை நீங்களே அழைக்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

சாதாரணமாக முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். இந்த வயதில் வயிற்று ஸ்கேனும் எடுத்து, சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் பார்ப்பது வழக்கம்.

படி 6: அலாரம்

1938-இல் அமெரிக்க உளவியலாளர்களான மவ்ரர் தம்பதியர், ஈரம் பட்டதும் மணி அடிக்கும் விரிப்பு ஒன்றைப் பற்றி எழுதினார்கள். இன்று அது உள்ளாடையில் மாட்டும் சிறு உணரியாகவும் தோளில் குத்திக்கொள்ளும் மணியாகவும் சுருங்கிவிட்டது, இணையக் கடைகளில் கிடைக்கிறது. ஒழுங்காகப் பயன்படுத்துபவர்களில் மூவரில் இருவருக்குப் பலன் தருகிறது என்பதோடு, நிறுத்திய பிறகும் பலன் நீடிக்கும் வாய்ப்பு மாத்திரையைவிட இதில் அதிகம். சிறுநீர்ப்பை குறைவாகக் கொள்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

வாங்கியவர்களில் பலர் இரண்டே வாரத்தில் இதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். முதல் சில வாரங்களில் மணி அடித்தால் வீடே எழுந்துகொள்ளும், நீங்கள் மட்டும் எழ மாட்டீர்கள். அது தோல்வி இல்லை. அம்மாவோ அண்ணனோ வந்து உங்களை முழுமையாக எழுப்ப வேண்டும். மணியை நீங்களே அணைத்து, நடந்து கழிப்பறைக்குப் போய், மிச்சத்தைக் கழித்து, உடை மாற்றி, உணரியை மறுபடி மாட்டிவிட்டுப் படுக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையைத் தூக்கக் கலக்கத்தோடு கழிப்பறைக்கு நடத்திச் செல்லும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அன்றைய விரிப்பைக் காப்பாற்றுவதைத் தவிர அதனால் மூளைக்கு எந்தப் பயிற்சியும் கிடைப்பதில்லை. முழு விழிப்பு வந்தால்தான் இந்தச் சிகிச்சை வேலை செய்யும்.

நனையும் வட்டம் சிறிதாவதும், மணி அடிக்கும் நேரம் விடியலை நோக்கித் தள்ளிப்போவதும் முதல் முன்னேற்றங்கள். தொடர்ந்து 14 இரவுகள் உலர்ந்திருக்கும் வரை விடாமல் செய்யுங்கள். அதற்கு இரண்டு மூன்று மாதங்கள்கூட ஆகலாம். நிறுத்திய பிறகு மறுபடி நனையத் தொடங்கினால் அலாரத்தை எடுத்து மீண்டும் மாட்டுங்கள், இரண்டாம் முறையும் அது பலருக்குப் பயன் தரும்.

படி 7: மாத்திரை

இரவில் அதிகம் சுரப்பவர்களுக்கு வாசோபிரெசினைப் போலவே வேலை செய்யும் டெஸ்மோபிரெசின் மாத்திரையை மருத்துவர் தருவார். வழக்கமாகப் படுக்கும் முன் 0.2 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 0.4 வரை உயர்த்துவார்கள். இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து அதன்பின் எட்டு மணி நேரம் வரை தண்ணீர் குடிக்கக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் ஒரு மடக்கு போதும். மீறினால் இரத்தத்தில் சோடியம் தாழ்ந்து தலைவலி, வாந்தி, வலிப்பு வரை போகலாம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு உள்ள நாட்களில் இந்த மாத்திரை வேண்டாம். சோடியம் தாழும் இந்த ஆபத்தால்தான் இதன் மூக்குத் தெளிப்பு வடிவத்தைப் படுக்கை நனைதலுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007-இல் அறிவித்தது. பலன் தந்தாலும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு வாரம் நிறுத்தி, இன்னும் தேவைதானா என்று மருத்துவர் பார்ப்பார்.

இமிப்பிரமின் என்ற பழைய மாத்திரையும் சில இடங்களில் எழுதித் தரப்படுகிறது. அளவு மீறினால் இதயத்தைப் பாதிக்கக்கூடியது அது. வேறு வழியில்லாதபோது சிறப்பு மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும் எடுக்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும்.

படி 8: விடுதிக்கோ சுற்றுலாவுக்கோ போகும் முன்

பதினொன்றாம் வகுப்புக்கு விடுதிப் பள்ளியில் சேரப்போகிறீர்கள் என்றால், முந்தைய கோடை விடுமுறை முழுவதையும் அலாரத்துக்கு ஒதுக்குங்கள். இருபது பேர் உறங்கும் அறையில் அதைத் தொடங்க முடியாது. மூன்று நாள் கல்விச் சுற்றுலாவுக்கு மாத்திரை மட்டும் போதும். ஆனால் அதைப் பேருந்து ஏறும் நாளில் முதன்முறையாக விழுங்கிப் பார்க்கக் கூடாது. இரண்டு மூன்று வாரம் முன்னதாக வீட்டில் முயன்று, எந்த அளவு உங்களுக்குப் பலன் தருகிறது என்று தெரிந்துகொண்டு செல்லுங்கள். கறுப்பு நிறக் கால்சட்டை, பையின் அடியில் மடித்த டயப்பர் ஒன்று, வாய் கட்டக்கூடிய பிளாஸ்டிக் உறை ஒன்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, உடன் வரும் ஆசிரியர்களில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் மட்டும் புறப்படுமுன் சொல்லி வையுங்கள்.