எஃகுத் தகட்டில் நீராவி இழுவைப் படகு: வீட்டு முற்றத்தில் கட்டும் முறை

நீராவி இழுவைப் படகு கட்ட முனைவோர் பலர் தகட்டை வாங்கி உடலைக் கட்டி முடித்த பிறகே இயந்திரத்தைத் தேடுகிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். முதலில் இயந்திரம், அதற்கு ஈடுகொடுக்கும் கொதிகலன், பிறகு புரொப்பல்லர் என மூன்றும் முடிவான பின்னரே உடலின் வரைபடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொதிகலனும் அதற்குள் நிற்கும் நீரும் சேர்ந்து படகின் மிகப் பெரிய ஒற்றைச் சுமையாக அமைவதால், அவை எங்கே, எவ்வளவு உயரத்தில் உட்காரும் என்பது தெரியாமல் படகின் சமநிலையைக் கணக்கிட முடியாது.

இழுவைப் படகுக்கு வேகம் நோக்கமன்று. 1803 மார்ச்சில் வில்லியம் சிமிங்டனின் ‘சார்லட் டண்டாஸ்’ என்ற நீராவிப் படகு ஸ்காட்லாந்தின் ஃபோர்த்–கிளைட் கால்வாயில் தலா 70 டன் கொண்ட இரண்டு சரக்குப் படகுகளை ஏறத்தாழ 30 கி.மீ. இழுத்துச் சென்றது, எதிர்க்காற்றிலும் நிற்காத அந்த இழுப்புதான் நீராவியின் தகுதியை நிலைநாட்டியது. நீராவி இயந்திரம் சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழு முறுக்குவிசையையும் தருவதால் கியர் பெட்டி தேவையில்லை. முன்னும் பின்னும் ஓடுவதை வால்வு இயக்கமே கவனித்துக்கொள்ளும். 7.5 மீட்டர் நீர்க்கோட்டு (நீர்மட்டத்தில் அளந்த) நீளமுள்ள படகு, எவ்வளவு சக்தி கொடுத்தாலும், மணிக்கு 12 கி.மீ.க்கு மேல் எளிதில் போகாது. ஆகவே நிமிடத்துக்கு 300 சுற்று அளவில் மெதுவாகச் சுழலும் இரட்டை உருளைக் காம்பவுண்டு இயந்திரமும் (ஒரே நீராவியை அடுத்தடுத்து இரு உருளைகளில் விரியவிடுவது), வரைபடம் இடங்கொடுக்கும் அளவுக்குப் பெரிய விட்டமுள்ள புரொப்பல்லரும் பொருத்தமானவை.

உடலுக்கு 5 மி.மீ. மென்னெஃகுத் தகடு போதும். மேல்தளத்துக்கு 4 மி.மீ. போதும். எஃகு ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ எடை கொண்டது என்பதால், 5 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 39 கிலோவைத் தாண்டும். உறுதிக்காகத் தடிமனைக் கூட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடங்கொடுத்தால் படகு வரைபடத்தில் உள்ள நீர்க்கோட்டைவிட ஆழமாக அமிழும். தகடு ஒரே திசையில் மட்டும் வளையும்படி அமைந்த, பக்கமும் அடியும் கோணமாகச் சந்திக்கும் விளிம்பு மடிப்புள்ள வரைபடத்தையே தேர்ந்தெடுங்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டையில் ஒரு மாதிரி செய்து பார்த்தால், அட்டை எங்கே சுருங்கி மறுக்கிறதோ அங்கே தகடும் மறுக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களைச் சமதரையில் முழு அளவில் வரைந்து, அந்த வரைவின் மீதே வெட்டிப் பொருத்த வேண்டும். பிறகு நேராக மட்டம் பார்த்து அமைத்த உறுதியான தாங்குசட்டத்தின் மீது அவற்றைத் தலைகீழாக நிறுத்தி, ஏராவையும் (படகின் அடி முதுகெலும்பு) நீளவாட்டுப் பட்டைகளையும் இணைக்க வேண்டும். கவிழ்த்துக் கட்டினால் பெரும்பாலான வெல்டிங்கை மேலிருந்து கீழ்நோக்கிப் பார்த்தபடி செய்யலாம். வீட்டில் வேலை செய்பவருக்கு இந்த ஒரு வசதியே தரத்தில் பெரிய வேறுபாட்டைத் தரும்.

இந்த வேலையின் உயிர்நாடி வெல்டிங் வரிசைதான். வெல்டிங் பற்று ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது தகட்டை இழுக்கிறது. ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் உடல் முறுக்கிக்கொள்ளும், அதன் பிறகு நிமிர்த்துவது ஏறக்குறைய இயலாது. எல்லாத் தகடுகளையும் முதலில் சிறு புள்ளிப் பற்றுகளால் மட்டும் நிறுத்திவிட்டு, நடுப்பகுதியிலிருந்து முனைகளை நோக்கி, இடமும் வலமும் மாறி மாறி, ஒரு முறைக்கு 8 அல்லது 10 செ.மீ. மட்டும் பற்ற வையுங்கள். ஒவ்வொரு சிறு துண்டையும் சற்று முன்னே தொடங்கி, முந்தைய துண்டை நோக்கிப் பின்னோக்கிப் பற்ற வேண்டும். பற்றிய இடத்தில் கை வைக்க முடிகிற வரை அருகில் அடுத்த துண்டைத் தொடங்கக் கூடாது. சட்டங்களைத் தகட்டோடு தொடர்ச்சியாகப் பற்றவைத்தால், வற்றிய மாட்டின் விலா எலும்புகள் போல அவை வெளியே தெரியும். விட்டுவிட்டுப் பற்றுவதே முறை. 7018 வகை எலெக்ட்ரோடு (வெல்டிங் கம்பி) பயன்படுத்துவோர் அதைச் சூடான, ஈரம் புகாத பெட்டியில் வைத்திருக்க வேண்டும். வாயுக் கவச வெல்டிங்கைத் திறந்த முற்றத்தில் காற்றுத் தடுப்பு இல்லாமல் செய்யக் கூடாது.

கசிவைச் சோதிக்கப் பழைய முறை ஒன்று இன்றும் நம்பகமானது. இணைப்பின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசி உலரவிட்டு, உட்புறத்தில் மண்ணெண்ணெயைத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத துளை இருந்தாலும் சில நிமிடங்களில் வெண்மையின் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு கறை தோன்றி மெல்ல விரியும். மண்ணெண்ணெயை முழுவதும் துடைத்து, காற்றோட்டம் கொடுத்த பிறகே அந்த இடத்தைச் சாணை பிடித்து மறுபடி பற்ற வேண்டும். அதன் பின் மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, துருப் படியும் முன் அன்றே எபாக்சி முதற்பூச்சு அடிக்க வேண்டும். எஃகுக்குப் பதிலாகத் தாமே அரிக்கப்பட்டு அதைக் காக்க, கடல்நீருக்குத் துத்தநாகக் கட்டிகளும் நன்னீருக்கு மக்னீசியக் கட்டிகளும் வெளிப்புறத்தில் பொருத்தப்பட வேண்டும்.

கொதிகலனை வீட்டில் செய்யாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. அழுத்தக்கலன் வெல்டிங்கில் தகுதிச் சான்று பெற்றவரிடம் செய்யக் கொடுத்து, உங்கள் நாட்டுச் சட்டப்படியான ஆய்வாளரின் சான்றோடு பெறுங்கள். 10 பார் அழுத்தத்தில் நீர் 180 டிகிரி செல்சியசைத் தாண்டிய பின்னரே கொதிக்கிறது. கலன் பிளந்தால் அந்த நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும், ஆவியான ஒவ்வொரு லிட்டரும் 1,600 மடங்குக்கு மேல் விரியும். அழுத்தச் சோதனையைக் காற்றால் அல்லாமல் குளிர்ந்த நீரால் செய்வதற்குக் காரணமும் இதுவே: நீர் அமுங்காது, ஆகவே பிளந்தாலும் வெடிக்காது.

கலனுக்கு நீர் ஊட்ட ஒன்றையொன்று சாராத இரு வழிகள் வேண்டும்; இயந்திரத்தால் ஓடும் பம்பும், நீராவியின் வேகத்தாலேயே நீரைக் கலனுக்குள் தள்ளும் இன்ஜெக்டர் ஒன்றும் வழக்கமான இணை. நீர்மட்டக் கண்ணாடியை ஒவ்வொரு முறை தீ மூட்டும்போதும் கலனின் அழுத்தத்தாலேயே ஊதவிட்டுச் சோதியுங்கள். கீழ்க்குழாயைத் திறந்து மூடியதும் நீர் துள்ளி எழுந்து, சிறிது ஆடி, தன் மட்டத்தில் நிற்க வேண்டும். சோம்பலாக ஊர்ந்து ஏறினால் ஏதோ ஒரு துவாரம் அடைத்திருக்கிறது; அந்தக் கண்ணாடி காட்டும் மட்டத்தை நம்பக் கூடாது. வேலை முடிந்த நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் கண்டன்சரிலிருந்து திரும்பும் நீரில் உருளை எண்ணெய் கலந்திருக்கும் என்பதால் அதை வடிகட்டியே கலனுக்குள் விட வேண்டும். எண்ணெய்ப் படலம் படிந்த இடத்தில் வெப்பம் நீருக்குச் சேராமல் எஃகு எரிந்துபோகும்.

கவிழ்த்துக் கட்டிய படகை நிமிர்த்தும்போது சங்கிலியின் இழுப்பைத் தகடு தாங்காது. சட்டங்களோடு இணைத்த தூக்கு வளையங்களில்தான் சங்கிலியை மாட்ட வேண்டும். புரொப்பல்லர் தண்டின் நேர்ச்சீரைத் தண்ணீரில் இறக்கிய பிறகு மறுபடி சரிபாருங்கள். தண்டை இயந்திரத்தோடு இணைக்கும், 100 மி.மீ. விட்டமுள்ள கப்ளிங்கின் முகங்களுக்கிடையே எந்தப் பக்கமும் 0.1 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருக்கலாகாது.

இழுவைக் கொக்கியைப் பின்முனையில் வைப்பது பெரும் பிழை. நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், சுக்கானுக்கு நன்றாக முன்னே அது அமைய வேண்டும். இல்லையேல் கயிறு பின்முனையைப் பிடித்துக்கொள்ள, சுக்கானைத் திருப்பியும் படகு திரும்பாது. ஆனால் நடுவில் கட்டிய கயிறு பக்கவாட்டில் இழுத்தால் படகையே கவிழ்க்கக்கூடும் என்பதால், சுமை ஏறிய நிலையிலும் ஒரே இழுப்பில் விடுபடும் கொக்கியைத் தவிர வேறெதையும் பொருத்தாதீர்கள். முதல் நாள் எந்தப் படகையும் இழுக்க வேண்டாம். கரையில் உள்ள உறுதியான தூணில் கட்டி, இடையே இழுவிசை அளவியை மாட்டி, இயந்திரத்தை மெல்ல முழு வேகத்துக்குக் கொண்டுபோய் இழுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்; பிறகு வேகத்தைக் குறைத்து, அதே கயிறு இன்னும் விறைப்பாக இருக்கும்போதே, கயிற்றின் வழியில் யாரும் நிற்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கொக்கியை விடுவித்துப் பாருங்கள்.