அரசு அலுவலக அலைச்சலைக் கணக்கிடுவது எப்படி?

அரசு அலுவலகத்தில் ஒரு வேலை முடிய நாம் கொடுக்கும் விலை ரசீதில் உள்ள கட்டணம் மட்டுமன்று. எந்தத் தாள் வேண்டும் என்று விசாரிப்பதற்கும், அலுவலருக்காகக் காத்திருப்பதற்கும், மனு நகர்கிறதா என்று பின்தொடர்வதற்கும் பணமும் நாளும் செலவாகின்றன. பொருளியலார் இதைப் பரிவர்த்தனைச் செலவு என்பர். 1937இல் ரொனால்டு கோஸ் தொழில் நிறுவனங்களை விளக்க முன்வைத்த இச்சிந்தனையை, 1993இல் நோபல் பரிசு பெற்ற டக்ளஸ் நார்த் நாடுகளின் ஆட்சி விதிகளுக்கும் விரித்தார்.

கணக்கிட ஒரே ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் மாவட்டத்தின் காட்பாடி அல்லது அணைக்கட்டு வட்டத்தில் பட்டா மாறுதல் என்றால், உட்பிரிவு (நிலத்தைப் பிரித்துத் தனி எண் தருவது) உள்ளதையும் இல்லாததையும் கலக்காதீர்கள். முன்னதற்கு நில அளவர் நேரில் வந்து அளக்க வேண்டும்.

அண்மையில் அவ்வேலையை முடித்த சிலரிடம், ஒவ்வொரு முறை சென்றதையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்: பேருந்துக் கட்டணம், மனு எழுதக் கொடுத்தது, ரசீதின்றிக் கொடுத்தது, இழந்த கூலி. கூலியை விட்டுவிட்டால் கணக்கே பொய்யாகிவிடும். மாதச் சம்பளக்காரர் விடுப்பு எடுப்பார், கட்டட வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கோ அன்றைய வருமானமே போய்விடும்.

அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் ஏன் செல்ல நேர்ந்தது என்பது. 2019இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களானதால், அரக்கோணத்தார் ஆட்சியரைக் காண வேலூர் வரை வர வேண்டியதில்லை; இது தூரத்தால் வரும் செலவைக் குறைத்தது. ஆனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு நாள் வில்லங்கச் சான்று இல்லை என்றும், மறுநாள் மூலப்பத்திர நகல் இல்லை என்றும் திருப்பி அனுப்பப்பட்டவரின் அலைச்சலை எல்லைப் பிரிப்பு தீர்க்காது. மனுவிலுள்ள குறைகள் அனைத்தையும் ஒரே முறையில், எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற விதி கடைப்பிடிக்கப்பட்டால்தான் அது தீரும். பெருஞ்செலவு பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

விதி மாறினால் செலவு மாறும். 1980இல் பரம்பரைக் கிராம அலுவலர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தபோது, ஊர்க்கணக்கு, அதாவது ஊரின் நில, வரிப் பதிவுகள், ஒரு குடும்பத்தின் கையிலிருந்து விடுபட்டது.

நிலுவையிலுள்ள மனுக்களின் எண்ணிக்கையையும் காரணத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கிடைத்ததை உங்கள் பட்டியலுடன் இணைத்து, ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை நடைபெறும் குறைதீர்வு நாள் கூட்டத்தில், ஆள் மீது புகாராக அல்லாமல் விதி குறித்த கோரிக்கையாகக் கொடுங்கள். மாற்றம் வந்தபின் வேறு சிலரிடம் அதே கேள்விகளைக் கேட்டு, செலவு குறைந்ததா அல்லது இடைத்தரகருக்குப் போகிறதா என்று ஒப்பிடுங்கள்.