'சரகரே சொல்லியிருக்கிறார்' என்பதற்கு முன்

ஒரு சுலோகத்தைத் தனியே பிய்த்தெடுத்து, கீழே பொருள் எழுதி, "இது ஆயுர்வேத ஆசான் சரகர் வாக்கு" என்று முடித்துவிடுகிறோம். பழைய ஆயுர்வேத நூல்கள் அப்படிப் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. எப்படிப் படிக்க வேண்டும் என்பதையும் அவையே சொல்லிவைத்திருக்கின்றன. அதற்குப் பெயர் தந்திரயுக்தி, அதாவது நூலைப் படித்துப் பொருள் கொள்ளும் உத்தி. சுசுருத சம்ஹிதை, உத்தரதந்திரம் என்ற தன் கடைசிப் பகுதியின் 65ஆம் அத்தியாயத்தில் 32 யுக்திகளை உதாரணங்களோடு விளக்குகிறது. சரக சம்ஹிதையின் கடைசி அத்தியாயம் 36 என்கிறது. தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் சொல்லும் 32 உத்திகள் நினைவிருக்கிறதா? அந்தக் குடும்பம்தான் இதுவும்.

அதிகம் கண்ணில் படும் தவறு, வாதத்தில் ஒருவர் சொன்னதை நூலின் முடிவாக எடுத்துக்கொள்வது. சரக சம்ஹிதையின் முதல் பகுதியான சூத்திரஸ்தானத்தின் 26ஆம் அத்தியாயத்தில் முனிவர்கள் கூடி, சுவை எத்தனை என்று வாதிடுகிறார்கள். பத்ரகாப்யர் ஒன்றே என்கிறார். அடுத்தவர் இரண்டு, அதற்கடுத்தவர் மூன்று என எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. படிசர் எட்டு என்கிறார், காங்காயனர் எண்ணவே முடியாது என்கிறார். இவை எல்லாம் பூர்வபக்ஷம், அதாவது முடிவுக்கு முன் எடுத்துவைக்கும் பிறர் கருத்து. எல்லாரும் பேசி ஓய்ந்த பிறகு ஆசான் ஆத்ரேயர் ஆறு என்று சொல்வதுதான் நிர்ணயம், நூலின் முடிவு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ராஜரிஷி வார்யோவிதரும் நடுவில் ஆறு என்றுதான் சொல்கிறார். ஆனால் அவருடைய ஆறு கனம், இலேசு, குளிர்ச்சி, சூடு, நெய்ப்பு, வறட்சி. எண் பொருந்துகிறதே என்று அவசரப்பட்டால் அங்கேயும் வழுக்கிவிடும்.

இரண்டாவது தவறு, சொற்கள் நிற்கும் வரிசையிலேயே பொருள் கொள்வது. கழுத்தில் வரும் கழலைக்கு சுசுருதம் ஒரு எண்ணெய் சொல்கிறது. முதல் அடியிலேயே "எண்ணெயைக் குடிக்க" என்று வந்துவிடுகிறது. பிறகு சீந்தில், வேம்பு, கடுக்காய், திப்பிலி என்று சரக்குகள் வரிசையாக வருகின்றன. "காய்ச்சிய" என்ற சொல் வருவதோ மூன்றாம் அடியில். முதல் இரண்டு அடியோடு நிறுத்தியவர், பச்சை எண்ணெயில் சரக்கைக் கலந்து குடிக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடுவார். தூரத்தில் கிடக்கும் சொல்லை இழுத்து வந்து உரிய இடத்தில் சேர்ப்பதை நூல் யோகம் என்கிறது. நம் இலக்கணத்தில் கொண்டுகூட்டுப் பொருள்கோள். செய்யுளில் தவறவிட்டால் நயம்தான் போகும், இங்கே மருந்தே மாறிப்போகும்.

அகராதியை மட்டும் நம்புவது இன்னொன்று. மிதுனம் என்றால் இணை, ஜோடி. சுசுருதத்தில் அது தேனையும் நெய்யையும் சேர்த்துக் குறிக்கும் குழூஉக்குறி. இதை ஸ்வசஞ்ஞை என்பார்கள். அதேபோல் "வேதம் தோன்றிய வரலாறு" என்று ஓர் அத்தியாயம் தொடங்கினால், எந்த வேதம் என்று முன்பின் பார்க்க வேண்டும். அங்கே அது ஆயுர்வேதத்தைக் குறிக்கிறது. பதார்த்தம் என்ற யுக்திக்கு நூலே காட்டும் உதாரணம் இது.

சொல்லாமல் விட்டதை நம் விருப்பப்படி நிரப்புவதும் ஆபத்து. சார்ங்கதர சம்ஹிதை என்ற பிற்கால ஆயுர்வேத நூல் இதற்குப் பொதுவிதி தருகிறது: நேரம் சொல்லாவிட்டால் காலை, செடியின் பாகம் சொல்லாவிட்டால் வேர், அளவு சொல்லாவிட்டால் சமபங்கு, பாத்திரம் சொல்லாவிட்டால் மண்பாண்டம். இந்த விதி தெரியாதவர் இலையைப் பறித்துக்கொண்டு வந்து நிற்பார்.

யுக்தி 32ஆ, 36ஆ என்ற சண்டைக்குள் போகவே வேண்டாம். சரகத்துக்கு உரை எழுதிய பட்டார ஹரிச்சந்திரர் இன்னும் நாலு சேர்த்து 40 ஆக்கினார். எண்ணிக்கையை ஒப்பித்துவிட்டு ஒன்றைக்கூடச் சுலோகத்தில் பொருத்திப் பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

கடைசியாக அர்த்தாபத்தி, அதாவது சொன்னதிலிருந்து சொல்லாததை உணர்வது. ஒருவன் "சோறு சாப்பிடப் போகிறேன்" என்றால், அவனுக்குக் கஞ்சி வேண்டாம் என்று தெரிகிறது என்கிறது சுசுருதம். தெரிவது அவ்வளவுதான். கஞ்சி உடம்புக்கு ஆகாது என்று அதிலிருந்து யாரும் எடுக்க மாட்டார்கள். ஆனால் ஒரு நோய்க்கு ஒரு மூலிகை நல்லது என்ற வரியைப் படித்ததும், "அப்படியானால் மற்ற மருந்தெல்லாம் வீண்" என்று எழுதிவிடுகிறார்கள்.