சாஃப்ட்வேர் ஏறவில்லையா? ஃபார்மட் அடிக்கும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

ஒரு சாஃப்ட்வேர் ஏறவில்லை என்றால் நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். அதையே மறுபடி டவுன்லோடு செய்து, மறுபடி இன்ஸ்டால் கொடுத்துப் பார்ப்பது. அப்போதும் நடக்காவிட்டால், "ஃபார்மட் அடிச்சிருங்க தம்பி." குமுளி ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதும் கம்ப்யூட்டரானாலும், கம்பத்தில் அண்ணனிடமிருந்து தங்கைக்கு வந்த அரசு லேப்டாப் ஆனாலும் கதை இதேதான். பல நேரம் கோளாறு சாஃப்ட்வேரில் இருக்காது, அது போய் உட்கார வேண்டிய டிஸ்க்கில் இருக்கும். அங்கே ஃபார்மட் அடித்தால் சீசன் முழுக்கப் போட்ட கணக்கும் சேர்ந்து போய்விடும்.

அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

1. பிழைச் செய்தியை மூடாதீர்கள்

ஓகே அழுத்தும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள எண்தான் துப்பு.

1618 என்றால் வேறொரு இன்ஸ்டாலேஷன் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்தான். அது முடியும்வரை பொறுங்கள், அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள். 80070070 என்று முடிந்தால் டிஸ்க்கில் இடம் இல்லை. 1603 மட்டும் கொஞ்சம் வஞ்சகமானது. "ஏதோ தப்பு" என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. இன்ஸ்டாலர் மேல் ரைட் கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துப் பாருங்கள்.

"டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்" என்று வந்தால் 2, 3-ஆம் படிகளை விட்டுவிட்டு நேராக 4-க்குப் போங்கள். எழுதி வைத்ததைத் திரும்பப் படிக்க முடியவில்லை என்று டிஸ்க்கே சொல்கிறது.

2. இடமும் பொருத்தமும்

சி டிரைவில் எவ்வளவு காலி என்று பாருங்கள். இன்ஸ்டாலர் 2 ஜிபி என்றால் அதை விரித்துப் போடவும் தற்காலிக இடம் வேண்டும். டி டிரைவில் எவ்வளவு காலியாக இருந்தாலும் அந்தத் தற்காலிக இடம் வழக்கமாக சி டிரைவில்தான் எடுக்கப்படும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய் டெம்பரரி ஃபைல்ஸை அழியுங்கள். அங்கே டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கும் ஒரு டிக் கட்டம் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்துவிடாதீர்கள்.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட். "சிஸ்டம் டைப்" 32 பிட் என்று இருந்தால் 64 பிட் சாஃப்ட்வேர் எத்தனை முறை போட்டாலும் ஏறாது. இன்னும் விண்டோஸ் 7 ஓடும் லேப்டாப் என்றால் புதிய சாஃப்ட்வேர்களில் பாதி ஏறாது. குரோம்கூட 109-ஆம் பதிப்போடு அதற்கு நின்றுவிட்டது.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. யூசர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் ஃபோல்டர் பெயரும் தமிழாகிவிடும். சில பழைய இன்ஸ்டாலர்கள் அதைப் படிக்கத் தெரியாமல் தடுக்கி விழும். பெயரைப் பின்னால் மாற்றினாலும் ஃபோல்டர் மாறாது. ஆங்கில எழுத்தில் புதிதாக ஒரு யூசர் உருவாக்கி, அதில் நுழைந்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

3. இறக்கிய ஃபைல் முழுசா?

மலைப்பக்கம் சிக்னல் வந்து வந்து போகும், ஃபைல் பாதியில் நின்றிருக்கலாம். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸில் அளவைப் பார்த்து, இறக்கிய தளத்தில் போட்டிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். தளத்தில் எஸ்.எச்.ஏ-256 எண் (ஃபைலின் கைரேகை மாதிரி) கொடுத்திருந்தால் 7-ஜிப் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு ரைட் கிளிக் மெனுவிலேயே அந்த எண்ணைக் கணக்கிட்டுக் காட்டும். தளத்தில் உள்ளதிலிருந்து ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் வீண்.

4. டிஸ்க்கின் உடல்நிலை

இதைத்தான் யாரும் செய்வதில்லை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரை வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி, இன்ஸ்டால் தேவைப்படாத ஜிப் வடிவத்தைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஓட்டுங்கள். நீலமாக "குட்" என்றிருந்தால் நல்லது. மஞ்சளில் "காஷன்", சிவப்பில் "பேட்" என்றிருந்தால் கீழே வரிசையாக உள்ள எண்களைப் பாருங்கள்.

சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் பார்க்க வேண்டியவை நான்கு. 05 என்பது கெட்டுப்போய் டிஸ்க் தானே மாற்று இடம் கொடுத்த செக்டார்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னக் கட்டங்கள்). சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. சி6 என்பது மீட்கவே முடியாதவை. இந்த மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். 05 சின்ன எண்ணாக, மாறாமல் நின்றால் கொஞ்சநாள் ஓடும். சி5 வாராவாரம் ஏறினால் புது டிஸ்க்குக்குக் காசு ஒதுக்குங்கள். நான்காவது சி7. அது மட்டும் ஏறி மற்றவை சுழியமாக இருந்தால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள், கேபிள்தான் காரணமாக இருக்கும். டெஸ்க்டாப் என்றால் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், அல்லது புதிது வாங்குங்கள். அந்த எண் பழையபடி குறையாது, மேலும் ஏறாமல் இருந்தால் சரியாகிவிட்டது என்று பொருள்.

இன்னொரு சாட்சி, விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்து வைக்கும் ஈவண்ட் வியூவர். ஸ்டார்ட்டில் தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் போங்கள். "டிஸ்க்" என்ற பெயரில் ஈவண்ட் 7 இருந்தால் டிஸ்க்கில் கெட்ட இடம் (பேட் பிளாக்) இருக்கிறது. 153 என்றால் டிஸ்க் பதில் சொல்லத் தாமதித்து விண்டோஸ் மறுபடி கேட்டிருக்கிறது. இன்ஸ்டால் நின்ற நேரமும் இந்த வரிகளின் நேரமும் ஒத்துப்போனால் ஆள் அகப்பட்டுக்கொண்டான்.

5. முதலில் நகல், அப்புறம்தான் ரிப்பேர்

டிஸ்க்கில் சந்தேகம் வந்தவுடனே பலர் விண்டோஸின் டிஸ்க் ரிப்பேர் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிவிடுகிறார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. பேட் செக்டார் தேடும் முழு ஸ்கேன், டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் மணிக்கணக்கில் படிக்கும். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அதுவே கடைசி அடியாகலாம். போட்டோவும் கணக்கும் வேறு இடம் போய்ச் சேர்ந்த பிறகு ஓட்டுங்கள்.

விண்டோஸ் திறக்கிறது என்றால் முக்கியமான ஃபோல்டர்களை மட்டும் முதலில் வெளி டிஸ்க்குக்கு எடுங்கள். சினிமா எல்லாம் பிறகு. திறக்கவே இல்லை என்றால் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் பழகுவது கைட் குனு/லினக்ஸ். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டமான உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதுதான். அது உள்ள பூட் பென் டிரைவ் (கம்ப்யூட்டரை அதிலிருந்தே தொடங்கலாம்) கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் சாதாரண உபுண்டு போதும். கம்ப்யூட்டர் தொடங்கும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் அழுத்தி (கம்பெனிக்குக் கம்பெனி மாறும்) பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அதில் "டிரை" என்பதைக் கொடுங்கள், "இன்ஸ்டால்" என்பதை அல்ல. இந்த இடத்தில் மட்டும் பிள்ளைகளை அவசரப்படுத்தாதீர்கள்.

உள்ளே போனதும் விண்டோஸ் டிரைவ் படிக்க மட்டும் திறந்தால் பயப்பட வேண்டாம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிரைவைப் பாதித் தூக்கத்தில் விட்டிருக்கும். நகலெடுக்கப் படிக்க முடிந்தால் போதுமே. டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கேட்டால் அது 48 இலக்க எண். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருந்தால் போனிலிருந்தே பார்க்கலாம்.

6. இப்போது ரிப்பேர்

நகல் பத்திரமா? சரி. திஸ் பிசியில் சி டிரைவ் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடியில் கரண்ட் பட்டென்று போய் ஃபைல் சிஸ்டம் (எந்த ஃபைல் எங்கே என்ற பதிவு) மட்டும் குழம்பியிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். அதன் பிறகு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்து பாருங்கள். 4-ஆம் படியில் சி5, சி6 ஏறியிருந்தால் இந்த வேலையே வேண்டாம். டிஸ்க்கை மாற்றுங்கள். பழைய லேப்டாப் என்றால் எஸ்.எஸ்.டி-யாகவே போடுங்கள், வேகமும் கூடும்.

7. பென் டிரைவ் தனிக்கதை

"ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று விண்டோஸ் கேட்டால் உடனே சம்மதிக்காதீர்கள். பள்ளியில் லினக்ஸ் முறையில் ஃபார்மட் ஆன டிரைவை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் கேட்கிறது, உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும். லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள்.

16 ஜிபி காலி இருந்தும் பெரிய ஃபைல் ஏறவில்லையா? டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பதை எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பூட் டிரைவாக மாற்றிய பிறகு 32 ஜிபி டிரைவ் சில எம்பி மட்டும் காட்டினால் அது கெட்டுப்போகவில்லை. டிஸ்க் மேனேஜ்மெண்டில் அந்தப் பென் டிரைவின் பகுதிகளை அழித்து, புதிதாக ஒரே வால்யூம் போட்டால் முழு அளவும் திரும்பிவிடும். அழிக்கும் முன் டிஸ்க் 0-வா, டிஸ்க் 1-ஆ என்று அளவை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள், 0 பெரும்பாலும் கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்.